புயல் காலத்துக்கு எது? இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா?

பட்டுக்கோட்டையான்: ஐப்பசி பிறந்தாலே புயல் பயம். வீட்டில் வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள். தண்ணீர் போர்வெல்லில் இருந்துதான், 1 எச்.பி. மோட்டார். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்?

ஏசிடிசி: இன்வெர்ட்டர், 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) டியூபுலர் பேட்டரி. சத்தமில்லை, புகையில்லை. கரண்ட் போனதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

தென்னந்தோப்பு: ஒரு மணி நேர மின்வெட்டுக்குச் சரி தம்பி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊரில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. முதல் ராத்திரியே இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. அப்புறம் வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றி வந்து, வீடு வீடாக மோட்டார் ஓட்டி டேங்க் நிரப்பினார்கள். கேட்ட வாடகையைக் கொடுத்தோம்.

ஏசிடிசி: அண்ணே, உங்கள் ஃபேன் பழசாக இருக்கும். கணக்கைப் பாருங்கள்: 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1,800 வாட் அவர். டியூபுலரும் லெட் ஆசிட் பேட்டரிதான், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கையில் நிற்பது 800 வாட் அவர். பழைய ஃபேன் 75 வாட். இரண்டு ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்புக்கு நாலரை மணி நேரம். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் ஒன்பது மணி நேரம்.

தென்னந்தோப்பு: சரி, தூங்கியாச்சு. விடிந்ததும் கக்கூஸுக்குத் தண்ணீர்? 1 எச்.பி. என்றால் 746 வாட். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். உங்கள் சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று கத்தும்.

மொட்டைமாடி: சோலாரை மறந்துவிட்டீர்களே! 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியமே 78,000 ரூபாய்.

ஏசிடிசி: ஆன்கிரிட் சோலார், அதாவது மின்வாரிய லைனோடு இணைத்தது, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் சார், வெயில் கொளுத்தினாலும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மொட்டைமாடி: அப்படியானால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று தனியாக ஒரு 330 வாட் பேனல், பேட்டரிக்கு அளவாகக் கரண்ட் விட ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். நல்ல வெயிலில் நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் வரும். ராத்திரி செலவழிந்தது பகலில் ஏறிவிடும்.

தென்னந்தோப்பு: பேனல் மாடியில் நின்றால்தானே! எங்கள் கொட்டகைத் தகரமே அடுத்தவர் தோப்பில் கிடந்தது.

லைன்மேன் வீட்டம்மா: ஜெனரேட்டர் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மின்வாரிய லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவரில் செருகுகிறார்கள். அந்தக் கரண்ட் திரும்பிப் போய் டிரான்ஸ்பார்மர் வழியாக உயர் அழுத்தமாக ஏறும். அங்கே கம்பத்தில் இருப்பது என் வீட்டுக்காரர். திண்ணையிலும் ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பட்டுக்கோட்டையான்: அப்போ இன்வெர்ட்டர், பி.எல்.டி.சி. ஃபேன். தண்ணீருக்கு வாடகை ஜெனரேட்டர்.

தென்னந்தோப்பு: எல்லோரும் இதையே நினைத்தால் வாடகைக்கு எங்கே கிடைக்கும்? கொல்லையில் அடிபம்பு இருக்கிறதா?

பட்டுக்கோட்டையான்: இருக்கிறது அண்ணே. வாஷர் போய்விட்டது.

தென்னந்தோப்பு: முதலில் அதை மாற்று. மழைக்கு முன்னால்.