மறு: ஆட்டநடத்துநர் முன்னால் நிற்கும் அட்டைக்கு என்ன சொல்? ‘தட்டி’ என்கிறேன்

வணக்கம்.

இந்த இழையில் இதுவரை மறைதிரை, எழினி, கேடயம், தடுப்பட்டை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சனிக்கிழமை மேசையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். என் வாக்கு நான்கிலும் இல்லை. ‘தட்டி’ போதும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்தப் பொருள் மேசைக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எதற்கு என்று முதலில் தெளிவாகாமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தில் கதையை நடத்துபவர் முன்னால் மூன்று நான்கு மடிப்புள்ள அட்டை ஒன்று நிற்கும். ஆடுபவர்கள் பக்கம் படம். நடத்துபவர் பக்கம் அட்டவணைகள். அதற்குப் பின்னால் வரைபடம், குறிப்புகள், சிலர் மேசையில் பகடையும். எங்களுடையது மணிலா அட்டையை வெட்டித் துணிநாடாவால் ஒட்டியது. உள்பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது கடின அளவு, அதாவது ஒரு செயல் பலிக்க உருட்டி எட்ட வேண்டிய எண்: மிக எளிது 5, எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20, மிகக் கடினம் 25, ஏறத்தாழ முடியாதது 30. அதற்குக் கீழே, பாதி உடல் மறைந்திருந்தால் பாதுகாப்புக்கு 2 கூட்டு, முக்கால் மறைந்திருந்தால் 5 கூட்டு. ஓர் ஆட்டம் முழுக்க நான் அதிகமாகப் பார்ப்பது இந்த இரண்டையும்தான். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

> மறைப்பதுதானே அதன் வேலை? ‘மறைதிரை’ என்றால் நேராகப் புரிந்துவிடும்.

கிள்ளான் அண்ணன் எழுதியது. அண்ணா, அதன் வேலைகளில் மறைப்பதும் ஒன்று, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய வேலை என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு.

எங்கள் ஆட்டம் 1951இல், இதே வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்ப் பக்கம் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் வந்ததும் எல்லாருக்கும் தெரியும். உணவுக் கட்டுப்பாட்டுக் காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடாமல் வாயிலில் சோதனை. சென்ற மாத ஆட்டத்தில், பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து பால்வெட்டப் போகிற கூட்டம் வாயிலில் நிற்கிறது. படிவம் நான்கில் படிக்கும் தங்கை ஒருத்தியின் பாத்திரம், பால் வாளிக்குள் இரண்டாவது அடித்தட்டு வைத்து அதற்குள் அரிசி கொண்டுபோகிறது. ஒளித்து வைத்ததற்கு அவளுக்கு விழுந்தது 17. காவலருக்காக நான் இருபது முகப் பகடையை மேசை நடுவில் உருட்டினேன். 19. அவள் எண்ணைத் தாண்டிவிட்டது, மாட்டிக்கொண்டாள்.

அப்போது மேசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பகடை மேல் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர், “வாளிய கீழ போட்டுட்டு ஓடு” என்றார். அதே 19ஐ அட்டைக்குப் பின்னால் உருட்டி “மாட்டிக்கொண்டாய்” என்று நான் சொல்லியிருந்தால், அவள் என் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். ‘அண்ணன் வேண்டுமென்றே மாட்டிவிட்டாரா?’ அந்தக் கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால் மேசையை விட்டுப் போகாது. அதனால் உயிர் போகிற, வாழ்வு மாறுகிற உருட்டல்கள் எல்லார் கண்முன்னும் நடக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கதை நன்றாக வர வேண்டும் என்று விழுந்த எண்ணைப் பின்னால் மாற்றிச் சொல்வதை நல்ல எண்ணத்தோடுதான் பலர் செய்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாற்றத்தான் போகிறோம் என்றால் எதற்கு உருட்ட வேண்டும்? நேராகக் கதையைச் சொல்லிவிடலாமே.

ஆனால் எல்லாவற்றையும் வெளியில் உருட்ட முடியாது. அதே தங்கை, அதே நாள், மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) சொல்வது உண்மையா பொய்யா என்று கணிக்கப் பார்க்கிறாள். பகடை எல்லாரும் பார்க்க 3 விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “மனசாரத்தான் பேசுகிறார் போலிருக்கிறது” என்று நான் சொன்னால் அவள் நம்பவே மாட்டாள். கணிப்பு தவறியது என்று எண்ணே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பொறி இருக்கிறதா என்று தேடுவது, இருட்டில் காலடி கேட்கிறதா என்று செவிகொடுப்பது எல்லாம் இந்த வகை. இங்கே மறைப்பு நியாயமானது, மேசைக்கு நல்லது. லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) யார் போலீஸுக்குத் தகவல் கொடுப்பவர் என்று எழுதிய தாளையும் நான் மேசையில் விரித்து வைக்க முடியாது.

ஆக எண்களைப் பார்ப்பதற்கு அது எப்போதும் வேண்டும். குறிப்புகளை மறைக்க வேண்டும். பகடைக்கு எப்போதாவது. இதே அட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அப்போது அது எதையும் மறைப்பதில்லை, ஆனாலும் அதே பொருள்தான். 2010இல் வந்த ‘அபொகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் நடத்துபவர் பகடையே உருட்டுவதில்லை. அந்த மேசைக்கு ‘மறைதிரை’ என்ற சொல்லை எடுத்துப்போனால் எதை மறைக்க என்று கேட்பார்கள். தமிழில் ‘திரைமறைவு வேலை’ என்றால் நல்ல காரியம் என்று யாரும் நினைப்பதும் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நடத்துபவர் மேல் சந்தேகத்தைச் சொல்லிலேயே ஊட்ட வேண்டாம். கணினித் திரையில் ஆடுபவர்கள் பெருகிவிட்டார்கள், அங்கே ‘திரை’ இன்னொரு குழப்பம்.

‘கேடயம்’ தைப்பிங் ஐயாவின் சொல். அதற்கு வரலாறு இருக்கிறது, மறுக்கவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் முதல் பதிப்பில் நடத்துபவருக்கு நடுவர் என்ற பொருளில்தான் பெயர். 1977இல் ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் இந்த அட்டையை விற்றபோது ‘நடுவரின் கேடயம்’ என்ற பொருளில்தான் பெயரிட்டது. 1979இல் அந்த ஆட்டத்தை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் தன் அட்டையை வெளியிட்டபோது அது ‘ஸ்கிரீன்’ ஆகிவிட்டது. ஐயா, கேடயம் என்றால் எதிரே இருப்பவர் அடிக்கிறார் என்று பொருள். எங்கள் மேசையில் எதிரே இருப்பவர்கள் கைதட்டுகிறவர்கள்.

இனி எழினி. இதற்குத்தான் அதிக ஆதரவு, எனக்கும் பிடித்த சொல்.

> சிலப்பதிகாரத்தில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை இருக்கும்போது நாம் ஏன் வேறு சொல் தேட வேண்டும்?

ஈப்போ அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அக்கா, அந்த மூன்றும் அரங்கில் தொங்கும் துணித் திரைகள். ஒரு பக்கமிருந்து இழுபடுவது, இரு பக்கமிருந்தும் வந்து கூடுவது, மேலிருந்து இறங்குவது. ஆடுபவரையும் காண்பவரையும் பிரிப்பது அவற்றின் இயல்பு. தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, வேடக்காரர் பின்னால் நின்று பாடுவதும் அப்படித்தான். எங்கள் மேசையில் காண்பவர் என்று ஒருவரும் இல்லை, எல்லாரும் ஆடுபவர்கள். எழினி என்றதும் நடத்துபவர் மேடையில் ஏறிவிடுகிறார், மற்றவர்கள் கீழே இறங்கிவிடுகிறார்கள். நாடகக் குழுக்களுக்காக அந்தச் சொல்லை வைத்திருப்போம், அவர்களுக்கு அது உண்மையாகவே பொருந்தும்.

‘தடுப்பட்டை’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாலைத் தடுப்பு நினைவுக்கு வருகிறது.

தட்டி எல்லாருக்கும் தெரிந்த பொருள். மூங்கிலையோ கீற்றையோ பின்னி நிறுத்தினால் தட்டி. வெயிலுக்கும் கட்டலாம், அடுப்புக்குக் காற்று படாமலும் வைக்கலாம், கொல்லைப் பக்கம் மறைவுக்கும் நிறுத்தலாம். எதற்கு என்பதை நிறுத்துகிறவர் முடிவு செய்வார், சொல் அதில் தலையிடாது. இன்னொன்றும் உண்டு: எழுதி நிறுத்திய விளம்பரப் பலகையும் தட்டிதான். ஒரு பக்கம் மறைக்கும், ஒரு பக்கம் எழுத்தைக் காட்டும் இந்த அட்டைக்கு இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைகின்றன. வேற்றுமை உருபும் சிரமமில்லாமல் ஏறும்: தட்டியை நிமிர்த்து, தட்டியில் பார், தட்டிக்குப் பின்னால் உருட்டு.

ரப்பர் மரத்தைப் பால்மரம் என்று அழைத்தவர்கள் கலைச்சொல் குழு வைத்து அழைக்கவில்லை. விடியலில் மரத்தடியில் நின்று கோடு போட்டுப் பால் வடிவதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், நின்றுவிட்டது. மேசையில் அட்டையை நிமிர்த்துகிற பிள்ளை வாயில் என்ன வருகிறது என்று நாமும் கேட்க வேண்டும். எங்கள் மேசையில் வயதில் சிறியவன் முதல் நாளே “அந்தத் தட்டிய தள்ளி வைங்கண்ணே, வரைபடம் தெரியல” என்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சென்னை நண்பர் இந்தியில் இதே ஒலிக்கு மலம் என்ற பொருள் இருப்பதை நினைவூட்டித் தனிமடல் எழுதியிருந்தார். இங்கே அந்த இடர் இல்லை. அங்கேயும் தமிழ் பேசுகிற இடத்தில் தட்டி என்றால் தட்டிதான் என்று நம்புகிறேன். ‘தட்டி எழுப்பு’ என்பதில் வரும் வினையெச்சத்தோடு குழம்பும் என்ற கருத்துக்கும் அதே பதில்: படி, அடி என்று இப்படி எத்தனையோ சொற்களோடு நாம் இடரில்லாமல் வாழ்கிறோம்.

தனியாக நிற்கும்போது பொதுச் சொல்லாகத் தோன்றினால் ‘ஆட்டத்தட்டி’ என்று வைக்கலாம். ‘நடத்துநர் தட்டி’ வேண்டாம், பேருந்து நினைவுக்கு வந்துவிடும். இதோடு சேர்த்து மேலே சொன்ன இரண்டு வகை உருட்டலுக்கும் சொல் வேண்டும். எல்லாரும் காண உருட்டுவதற்கு வெளியுருட்டு, தட்டிக்குப் பின்னால் உருட்டுவதற்கு உள்ளுருட்டு என்று முன்மொழிகிறேன். விதிக் கையேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் அருகில் ‘வெளி’ அல்லது ‘உள்’ என்று ஒரே சொல்லில் குறித்துவிடலாம், நடத்துபவர் விருப்பத்துக்கு விட வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேடு பள்ளி விடுமுறைக்கு முன் அச்சுக்குப் போக வேண்டும். வரைவில் இந்த மூன்று சொற்களையும் போட்டிருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் தங்கள் மேசையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி: உள்ளுருட்டு, வெளியுருட்டு இரண்டையும் பெயராகவும் வினையாகவும் ஒரே வடிவத்தில் ஆளலாமா, அல்லது பெயருக்கு ‘உருட்டல்’ என்று முடிப்பதுதான் சரியா?