71 பாகிஸ்தான் போரில் இருந்த அப்புச்சியைப் பேச வைப்பது எப்படி?

ஓமலூரான்:
அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) 77 வயது. விமானப்படையில் ஆர்மரர், குண்டு, தோட்டா, ராக்கெட் எல்லாம் விமானத்தில் ஏற்றுகிற வேலை. 71ல் பஞ்சாபில் பதான்கோட் விமானத் தளத்தில் இருந்திருக்கிறார். கமலாபுரம் ஏர்போர்ட்டில் ஏடிஆர் விமானம் இறங்குகிற சத்தம் கேட்டால் இன்னமும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார், ஆனால் போரைப் பற்றிக் கேட்டால் "என்ன பெருசா, வேலை பார்த்தோம்" என்று முடித்துவிடுகிறார். மாமா வேறு "அவரு என்ன பிளேனா ஓட்டுனாரு" என்பார். இப்போது பெயர்கள் மறக்க ஆரம்பித்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சூரமங்கலம் ஃபிட்டர்:
உங்கள் மாமாவை விடுங்கள். கீழே நிற்கிறவன் ஏற்றாமல் மேலே போகிறவன் எதைச் சுடுவான்? அப்புச்சியிடம் போரைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். அப்போது பதான்கோட்டில் 20-ம் ஸ்குவாட்ரனின் ஹண்டர் போர் விமானங்கள் இருந்தன. ஹண்டரின் மூக்குக்கு அடியில் நாலு 30 மி.மீ. ஏடன் பீரங்கியும் தோட்டாவும் சேர்ந்து ஒரே பெட்டியாக இருக்கும், கன் பேக் என்பார்கள். விமானம் திரும்பி வந்ததும் பீரங்கிக் குழல்களை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட்டு காலிப் பெட்டியை இறக்கி, நிரப்பிய பெட்டியை ஏற்ற வேண்டும், சில நிமிஷத்தில். எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள், யார் எந்தப் பக்கம், பஞ்சாப் டிசம்பர் குளிரில் கை விறைத்துப் போனால் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

குகை வாசகன்:
தேதி வைத்தும் கேட்கலாம். 1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் முதலில் அடித்த தளங்களில் பதான்கோட்டும் ஒன்று. ஓடுபாதையில் விழுந்த பள்ளங்களை நிரப்பி மறுநாளே அங்கிருந்து ஹண்டர்கள் எல்லை தாண்டிப் போயின. "அன்னைக்குச் சாயங்காலம் எங்க இருந்தீங்க" என்றால் போதும். அப்புறம் டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், 71 போருக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் இருக்கிறதா பாருங்கள். கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

ஏற்காட்டுக்காரி:
எனக்கு இதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. என் பெரியப்பா 65 போரில் மேற்கு வங்கத்தில் கலைகுண்டா விமானத் தளத்தில் இருந்தவர். செப்டம்பர் 7 காலையில் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் இரண்டு தடவை வந்து, வரிசையாக நிறுத்தியிருந்த நம் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களை எரித்த இடம் அது. கல்யாண வீட்டில் யாரோ விளையாட்டாகக் கேட்கப் போய், அவர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார், அப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. அப்புச்சி ஓர் இடத்தில் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு ஆகிறது என்று சொல்லிவிட்டுப் போனை மேஜையில் வையுங்கள், முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம்.

ஓமலூரான்:
நேற்று கன் பேக் என்று வாயெடுத்தேன், "உனக்கு யார்றா சொன்னது" என்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படமே போட்டுவிட்டார். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் யார் விரல் நசுங்கும் என்பது வரைக்கும் வந்தது. டிசம்பர் 3ஐக் கேட்டேன், பதுங்குகுழிக்குள் பீகார்க்காரர் ஒருவர் மேல் விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார், அதற்கு மேல் போகவில்லை, நானும் விட்டுவிட்டேன். இப்போது வேறு சிக்கல். பதிவில் பாதி இந்தி, மீதி ஃபேன் சத்தம். அந்தக் காலத்து ஏர்ஃபோர்ஸ் இந்தி புரிகிறவர்கள் சேலம் பக்கம் யாராவது கேட்டு எழுதித் தருவீர்களா?