டிப்பர் இடித்துக் கால் முறிந்துவிட்டது. ஓனர் 75,000 தருகிறேன் என்கிறார், கையெழுத்துப் போடலாமா?

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா வீட்டுக்காரருக்கு வயது 38, மல்லிகைப்பூ வியாபாரம். ஊர் ஊராகப் பூவைச் சேர்த்து, விடியுமுன் டிவிஎஸ் எக்ஸெல்லில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். மூன்று வாரத்துக்கு முன்னால் ரிங் ரோட்டில் சிந்தாமணி தாண்டும்போது, எம்-சாண்ட் ஏற்றி வந்த டிப்பர் பின்னாலிருந்து இடித்துவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போச்சு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஓனரின் ஆள் வந்து, "75,000 வாங்கிக்கொண்டு சமாதானம் என்று எழுதிக் கொடுங்கள். டிரைவர் லைசென்ஸ் முடிந்துபோனது, இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது" என்கிறார். எஃப்.ஐ.ஆரில் மச்சான் திடீரென்று வலது பக்கம் திரும்பியதாக இருக்கிறது. மச்சான் மயங்கிக் கிடந்த நேரத்தில் டிரைவர்தான் புகார் கொடுத்திருக்கிறார். மருந்துச் செலவை நினைத்து அக்கா சம்மதித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

குமாஸ்தா அண்ணன்:

தம்பி, அக்காவைக் கையெழுத்துப் போட விடாதீங்க. மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாக விபத்து வழக்குக் கட்டுகளோடுதான் என் பிழைப்பு. அந்த ஒரு தாளை வைத்துத்தான் "எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது" என்று எதிர்த்தரப்பு பின்னால் வாதாடும்.

லைசென்ஸ் விஷயத்தில் பயமுறுத்துகிறார்கள். டிப்பருக்கு அன்றைய தேதியில் இன்சூரன்ஸ் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால், லைசென்ஸ் காலாவதி என்பதற்காக அடிபட்டவரைக் கைவிட முடியாது. கம்பெனி முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவு போடும். உச்ச நீதிமன்றம் 2004-லேயே வகுத்த வழி அது. நஷ்டஈட்டு மனுவில் டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்ப்பார்கள். ஓட்டியவர் செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த ஓனரும் பொறுப்பு.

எஃப்.ஐ.ஆர். வேதவாக்கு இல்லை. தீர்ப்பாயம் சாட்சியைக் கேட்டு, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கும். வண்டி பின்னால் நசுங்கியிருக்கிறதா? மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டில் அது இருக்கும், அதை வாங்குங்க. வண்டியை ரிப்பேருக்கு விடுமுன் நாலு பக்கமும் போட்டோ எடுங்க. அந்த இடத்தில் டீக்கடை, பெட்ரோல் பங்க் இருந்தால் இன்றைக்கே போய் கேமரா பதிவைக் கேளுங்க. பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும், பாதி வழக்கு அங்கேதான் தொலைகிறது. மச்சான் பேசும் நிலைக்கு வந்திருந்தால், நடந்ததை எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்க. எஸ்.பி. ஆபீஸுக்கும் ஒரு நகல் பதிவுத் தபாலில் போகட்டும்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

இனி வருமானம். சம்பளச் சீட்டு இல்லையே என்று கலங்காதீங்க. பூக் கமிஷன் கடையில் தினமும் கொடுப்பார்களே, எடை, விலை, கழிவு எழுதிய சிட்டை, அதைத் தேடுங்க. ஈரப்பூவோடு கிடந்து மை ஊறியிருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் கணக்கு நோட்டு இன்னும் பலமான சாட்சி.

மாதம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றால் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்க. நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூடும், 21,000. வருஷத்துக்கு 2,52,000. வருஷ வருமானத்தை வயதுக்குத் தக்க ஒரு எண்ணால் பெருக்குவார்கள், வயது 38-க்கு அந்தப் பெருக்கெண் 15, ஆக 37,80,000. உழைக்கும் திறன் இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 11,34,000. மருத்துவச் செலவு, வலி வேதனை எல்லாம் இதற்கு மேலே. இழப்பு குறைவாக முடிவானால் தொகையும் குறையும். ஆனாலும் அவர்கள் நீட்டும் 75,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

கெடுவை மறக்காதீங்க. 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.

மேலூர் லாரிக்காரர்:

நானும் வண்டி வைத்துப் பிழைப்பவன். இன்சூரன்ஸ் கட்டுவதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான். ஆள் அனுப்பி மிரட்டுவது எங்கள் தொழிலுக்கே அவமானம். எம்-பரிவாகன் ஆப்பில் டிப்பர் நம்பரைப் போடுங்கள், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை என்று தெரியும். வண்டியை விற்றுவிட்டேன் என்று ஓனர் சொன்னாலும், விபத்தன்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பேர் இருப்பவர்தான் பொறுப்பு.

வாடிப்பட்டி அக்கா:

என் வீட்டுக்காரருக்கும் கால்தான், லாரிதான். மெடிக்கல் போர்டு கொடுக்கும் ஊன சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். அவருக்கு 20 என்று எழுதினார்கள். அவர் தென்னை ஏறுபவர், இனி மரத்தில் கால் வைக்க முடியாது. அதை எங்கள் வக்கீல் விளக்கிச் சொன்ன பிறகு, தொழில் இழப்பு அதைவிட அதிகம் என்று ஜட்ஜ் எடுத்துக்கொண்டார். உங்கள் மச்சானால் குத்துக்காலிட்டுப் பூவைக் கொட்டிப் பிரிக்க முடிகிறதா, மூட்டையோடு வண்டியைத் தாங்கி நிறுத்த முடிகிறதா? அதையெல்லாம் விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

திருமங்கலத்தான்:

மனசு நிறைந்த நன்றி. ஆப்பில் பார்த்துவிட்டேன், இன்சூரன்ஸ் இருக்கிறது. அக்காவும் கையெழுத்துப் போடவில்லை. இன்னொன்று: வார்டுக்கே ஒருவர் வந்து, வருவதில் 30 சதவீதம் கொடுத்தால் கேஸை முடித்துத் தருகிறேன் என்கிறார். சரியா?

குமாஸ்தா அண்ணன்:

வேண்டாம் தம்பி. கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்த பார் கவுன்சில் விதி வக்கீலுக்கு அனுமதி தரவில்லை. நேரில் வக்கீல் ஆபீஸுக்குப் போய், ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்க. வெள்ளைத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம். மச்சான் பேரில் பேங்க் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்கிவிடுங்க, அதன் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் அக்கா கையிலேயே இருக்கட்டும்.