கடைக் கூலர் குளிரவில்லை, கீழே தண்ணீர். அவசர உதவி

ஹட்டன் கடை: வணக்கம். கடைக் கூலர் நேற்றிலிருந்து சரியாகக் குளிரவில்லை. யோகட் எல்லாம் இளகிவிட்டது, கீழே தண்ணீர் நிற்கிறது. மோட்டார் ஓடுகிறது. தீபாவளி வியாபாரம் வருகிறது, தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பதுளைத் தம்பி: என்ன கூலர் அண்ணே? கண்ணாடிக் கதவா, மேலே திறக்கிற ப்ரீசரா?

கொட்டகலை ஸ்டோர்ஸ்: கேஸ் முடிந்திருக்கும். பழுது பார்க்கிற பாஸைக் கூப்பிட்டு, குளிர வைக்கிற கேஸ் அடியுங்கள், சரியாகிவிடும்.

மஸ்கெலியா: வோல்டேஜ் பார்த்தீர்களா? 230 இருக்க வேண்டும். எங்கள் பக்கம் விளக்கு வைக்கிற நேரத்தில் நன்றாக இறங்கிவிடும், கம்பிரசர், அதாவது அந்த மோட்டார், திணறும். வோல்டேஜ் இறங்கினால் கரண்டை நிறுத்துகிற ஒரு கார்ட் போடுங்கள்.

பண்டாரவளை கூலிங் வேலை: இந்தக் கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாகிவிட்டது. பழையதைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். கொட்டகலைக்காரருக்கும் சொல்கிறேன், இது அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் அடித்தால் காசுதான் போகும். கூலரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? உள்ளே ஃபேன் சுற்றுகிறதா? கன்டென்சரைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

ஹட்டன் கடை: ஒற்றைக் கண்ணாடிக் கதவு. கொத்து ரொட்டி போடுகிற சூட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது. கன்டென்சர் எது?

பண்டாரவளை கூலிங் வேலை: கொத்துக் கல்லை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. கீழ்த் தட்டைக் கழற்றினால் மெல்லிய தகடுகள் அடுக்கிய ஒரு கொயில் தெரியும், அதுதான் கன்டென்சர். உள்ளேயிருந்து எடுத்த சூட்டை அதுதான் வெளியே விடுகிறது. எண்ணெய்ப் புகையும் மாவும் சேர்ந்து அதில் படிந்தால் காற்று போகாது, சூடு இறங்காது. கம்பிரசர் நிற்காமல் ஓடும், கடைசியில் சூடேறி தானாகக் கட் ஆகும்.

பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மெல்லிய பிரஷால் தகடு போகிற திசையிலேயே தட்டுங்கள், குறுக்கே இழுத்தால் மடங்கிவிடும். பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். வயரிலும் மோட்டாரிலும் தண்ணீர் படக்கூடாது. பெயர்த் தகட்டில் ஆர்290 என்று இருந்தால் உள்ளே இருக்கிற கேஸ் புரொப்பேன், தீப்பிடிக்கும். குழாயில் கை வைக்காதீர்கள், பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.

உள்ளே ஐஸ் கட்டியிருந்தால் கத்தியால் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும். கதவைத் திறந்து வைத்துத் தானாகக் கரைய விடுங்கள். அப்புறம் உள்ளே கீழே இருக்கிற வடிகால் துளையில் இளஞ்சூட்டு நீர் ஊற்றிப் பாருங்கள். தரையில் நிற்கிற தண்ணீருக்கு அநேகமாக அந்த அடைப்புதான் காரணம்.

பதுளைத் தம்பி: கதவு ரப்பரையும் பாருங்கள் அண்ணே. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சும்மா வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. நம் பக்கத்து மூடுபனிக் காற்று உள்ளே போனால் ஐஸ்தான்.

நுவரெலியா பேக்கரி: எதற்கு இவ்வளவு? நாங்கள் இரவில் கூலரை ஆஃப் பண்ணிவிடுவோம். ஊரே ப்ரிட்ஜ் மாதிரி இருக்கிறது, கரண்ட் பில்லும் குறையும்.

பண்டாரவளை கூலிங் வேலை: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பால் சாமான் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் ஊரிலும் எல்லா இரவும் அவ்வளவு இறங்காது, கடைக்குள் அதைவிடச் சூடு.

நுவரெலியா பேக்கரி: இதுவரை ஒரு யோகட்டும் கெட்டதில்லை.

மஸ்கெலியா: கெட்டது எல்லாம் மணக்காது ஐயா. அதை வாங்குவது பிள்ளைகள்.

வெலிமடை: குளிர் ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. மேலே ப்ரீசர், கீழே ப்ரிட்ஜ் என்று ஒரே தெர்மோஸ்டாட்டில் (கீழ்ப்பகுதிச் சூட்டைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்துவது) ஓடுகிற சாதா ப்ரிட்ஜில், அறை குளிர்ந்தால் கீழ்ப்பகுதியும் தானாகவே குளிர்ந்து நிற்கும். மோட்டார் அதிகம் ஓடாது, மேலே ஐஸ்கிரீம் இளகிவிடும். கேஸ் போய்விட்டது என்று காசு வாங்கிய பாஸ்மாரைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டகலை ஸ்டோர்ஸ்: எல்லா பாஸையும் அப்படிச் சொல்லாதீர்கள். எங்களுக்கு உண்மையிலேயே ஒழுகல் இருந்தது.

ஹட்டன் கடை: கன்டென்சரைத் துடைத்தோம், அழுக்கு கம்பளி மாதிரி வந்தது. குளிர் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் கொஞ்சம் வருகிறது. நன்றி.

பதுளைத் தம்பி: வடிகால் துளையில் இளஞ்சூட்டு நீர் ஊற்றினீர்களா அண்ணே? அடியில் தண்ணீர் சேர்கிற தட்டுக்கு இறங்குகிறதா, முன்னால் வழிகிறதா?

பண்டாரவளை கூலிங் வேலை: தட்டுக்கு இறங்கினால் அந்தத் தட்டில் கீறல் விழுந்திருக்கும், இல்லையென்றால் இடம் மாறியிருக்கும். முன்னால் வழிந்தால் துளை இன்னும் அடைப்பு. கல்லையும் கூலரையும் தள்ளி வையுங்கள். இடமில்லையென்றால் கன்டென்சரை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.