20 பின் போர்டில் 24 பின் பவர் சப்ளை பொருந்துமா?

கேள்வி: அப்பாவின் கடைக் கணக்கு முழுவதும் ஒரு பழைய பென்டியம் 4 கணினியில்தான் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை செத்துவிட்டது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிது வாங்கினேன். அதன் இணைப்பில் 24 பின் (முனை), கணினியின் மதர்போர்டில் 20. செருகினால் போர்டு எரியுமா? பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: எரியாது தங்கச்சி. பழைய 20 பின்னோடு நான்கைச் சேர்த்ததுதான் 24. அந்த நான்கு பின் துண்டு கழன்றால் கழற்றுங்கள், இல்லையென்றால் வெளியே தொங்கட்டும். கொக்கி பூட்டும் பக்கத்தைப் பார்த்துச் செருகுங்கள்.

இன்னொருவர்: கழன்ற துண்டை போர்டில் சிபியு (பிராசசர் சிப்) பக்கத்துச் சதுர 4 பின்னில் செருகிவிடாதீர்கள்! அதற்கு இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு வயர் உள்ள தனி இணைப்பு உண்டு. கழன்ற துண்டில் சிவப்பும் ஆரஞ்சும் இருக்கும்.

கேட்டவர்: அப்பாடா, ஓடுகிறது! முதலில் அப்பாவின் கணக்கைப் பென் டிரைவில் எடுக்கிறேன்.