பொருள்: இம்பல்ஸ் ஜெனரேட்டருக்குத் தமிழ் (வெள்ளிக்கு முன் வேணும்)

உவர்மலை:
சேர்மார், பள்ளிக்கூடக் கண்காட்சிப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இம்பல்ஸ் ஜெனரேட்டர், அதாவது ஒரு கணம் மட்டும் பெரிய மின்னழுத்தம் தரும் இயந்திரம், அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வேணும். எர்வின் மார்க்ஸ் 1924இல் வெளியிட்ட சுற்றுத்தான் விஷயம். கொள்ளளவிகளை (மின்னைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றர்களை) சமாந்தரமாக மின்னேற்றுகிறோம். முதல் பொறியிடைவெளியை (மின்பொறி பாயும் இடைவெளியை) தூண்டிவிட்டால் போதும், மற்றவை மிகையழுத்தம் தாங்காமல் தாமே பாயும், எல்லாம் தொடராகிவிடும். நூறு கிலோவோல்ற்றுப்படி பத்துக் கொள்ளளவி என்றால் கிட்டத்தட்ட 1,000 கிலோவோல்ற்று, காதுக்கு ஒரே வெடி. 'கணத்தாக்குப் பிறப்பாக்கி' என்று போட்டேன். "அது மட்டையால பந்தை அடிக்கிறதெல்லோ சேர்?" என்கிறார்கள் பிள்ளைகள்.

நிலாவெளி:
பிள்ளைகள் சொல்வது சரி. கணத்தாக்கு விசைக்கு உரியது. இங்கே எழுந்து விழுவது அழுத்தம், மின்னல் அடிக்கிற மாதிரி: உச்சிக்கு 1.2 மைக்ரோசெக்கன், பாதியாய் விழ 50. 'கணத்தழுத்தப் பிறப்பாக்கி' என்று வையுங்கள். 'துடிப்பு' வேண்டாம், துடிப்பு என்றால் நாடி மாதிரித் திரும்பத் திரும்ப வர வேணும், இது ஒரே அடி.

உப்புவெளி:
கணம் வடசொல். சங்கப் பாட்டில் இடிக்கு 'உரும்' என்று அழகான சொல் கிடக்கிறது. உரும், உருமு, உறுமல் எல்லாம் ஒரே வேர். ஆகவே 'உருமாக்கி'.

நிலாவெளி:
ரகரத்தையும் றகரத்தையும் ஒரே வேரில் கட்டுவதற்கு இலக்கணம் இடம் தராது அண்ணை. அதோடு 'உருமாக்கி'யை எவரும் 'உருமாற்றி' என்றுதான் வாசிப்பார்கள், இந்த இயந்திரம் சோதிப்பதே நிலைமாற்றிகளை (ட்ரான்ஸ்போமர்களை), அவற்றுக்கு 'உருமாற்றி' என்றும் பெயர்! கெட்டது குடி.

கிண்ணியா:
ஐப்பசி இடிமழையில் வீட்டு டிவி கருகின சனத்துக்கு வேரா வேணும்? 'மின்னலாக்கி' என்றால் வாசலிலேயே விளங்கும்.

நிலாவெளி:
விளங்கும், ஆனால் அரைவாசிதான். தடையிகளை மாற்றினால் இதே இயந்திரம் 250/2500 அலையும் (உச்சிக்கு 250 மைக்ரோசெக்கன், பாதியாய் விழ 2500) தரும். அது ஆளியை (சுவிட்சை) போட்டு எடுக்கையில் வலையமைப்பில் எழுகிற அழுத்தத்துக்கான சோதனை, மின்னலோடு சம்பந்தமே இல்லை.

உவர்மலை:
அச்சகக்காரர் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார். பதாகையில் 'மின்னலாக்கி', கீழே சின்ன எழுத்தில் 'கணத்தழுத்தப் பிறப்பாக்கி'. மூன்று பேர் சரி என்றாச்சு.

உப்புவெளி:
நான் சரி என்று சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'பொறியிடைவெளி' என்று எல்லாரும் தாராளமாக எழுதுகிறீர்களே, பொறிக்கு எந்திரம், எலிப்பொறி என்றும் பொருள் உண்டே, அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?