வழுக்கும், வழியாது

திருவையாற்றான்:
நேற்று இங்கே ஒரு புண்ணியவான், "அசோகா அல்வாவும் திரவக் கணக்குதான், விமானத்துக்குக் கையில் கொண்டுபோனால் சோதனையில் பிடுங்கத்தான் செய்வார்கள், பைலட்டுக்கும் அதே சோதனைதான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரையைக் கொட்டிக் கை ஓயக் கிண்டி இறக்குகிற பண்டம் திரவமா? போன மார்கழியில் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அரைக் கிலோ எடுத்துப் போனேன். சோதனையில் நின்றவர் டப்பாவைத் திறந்தார், லேசாகச் சாய்த்துப் பார்த்தார், குப்பைத் தொட்டியில் போட்டார். அதே நேரம் பக்கத்து வழியில் சீருடை போட்ட நாலு பேர் டிபன் கேரியரோடு சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். அவர்கள் சாம்பார் மட்டும் திடப்பொருளா?

வலங்கைமான் வாசு:
அந்தப் புண்ணியவான் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். வளைகுடாவில் 18 வருஷம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விதியில் திரவம் மட்டும் இல்லை. ஜெல், பசை, களிம்பு, ஸ்ப்ரே எல்லாம் ஒரே கணக்கு. பற்பசையும் ஜாமும் அதில்தான் வரும். ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கிற, உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகிற விமானங்களில் குளிர்பான பாட்டிலில் வெடிதிரவம் கொண்டுபோகத் திட்டம் போட்டவர்களைப் பிடித்தார்களே, அதிலிருந்து வந்த விதி. உங்கள் அசோகா பசை. அவ்வளவுதான். விமானப் பணியாளர்களையும் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றால் அது எப்படிக் கண்ணில் படும்?

திருவையாற்றான்:
பசையாம்! வலங்கைமானில் அசோகாவை வைத்துத்தான் சுவரொட்டி ஒட்டுகிறார்கள் போல. நல்ல அசோகா வழுக்கும், வழியாது. தட்டைக் கவிழ்த்துப் பாரும், கீழே விழுந்தால் கட்டியாக விழும். ஓடாது. ஓடாதது எப்படித் திரவம்?

குடந்தை கிட்டு:
ஒரே ஒரு சந்தேகம். கரண்டியை விட்டு இறங்காமல் கட்டியாக நிற்கிறது என்றால் அதில் நெய் போதவில்லை என்று அர்த்தம். நெய் போதுமான அளவு இருந்தால் அது இறங்கித்தான் ஆகும். ஐயா எதை ஒத்துக்கொள்கிறார்? நெய் குறைவு என்பதையா, வழியும் என்பதையா?

திருவையாற்றான்:
கும்பகோணத்துக்காரர் அசோகாவைப் பற்றிப் பேசுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளை டபராவில் ஊற்றினால் எல்லாமே டிகிரி காபி என்று நம்புகிற ஊர். நான் முதலிலேயே எழுதிவிட்டேன். வழுக்கும். வழியாது. வழுக்குவது நெய்யின் குணம், வழிவது தண்ணீரின் குணம். இதுகூடப் புரியாதவர்தான் போன ஆனியில் மேட்டூர் திறப்பு பற்றி எனக்குப் பாடம் எடுத்தார்.

குடந்தை கிட்டு:
மேட்டூரை ஏன் இழுக்கிறீர்கள்? காபியை ஏன் இழுக்கிறீர்கள்? நெய்யைப் பற்றித்தானே கேட்டேன்.

மன்னை மைனர்:
அசோகாவை விடுங்கள் அண்ணே, இரண்டாவது விஷயத்துக்கு வாருங்கள். பைலட்டைச் சோதிப்பது வேடிக்கையாக இல்லையா? அவர் கையில்தான் விமானமே இருக்கிறது. கவிழ்க்க நினைத்தால் அவருக்கு நகவெட்டி எதற்கு? காக்பிட்டுக்குள் ஏற்கெனவே ஒரு கோடாலி வைத்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் பலகையை உடைக்க. கோடாலியைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் கத்தரிக்கோலைப் பிடுங்குவார்களாம்.

வலங்கைமான் வாசு:
தம்பி, சீருடையும் அட்டையும் வைத்திருக்கிறவர் எல்லாம் பைலட் இல்லை. 1987 டிசம்பர் 7, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன பிஎஸ்ஏ 1771 விமானம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஊழியர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார், அதைக் காட்டியே சோதனையைத் தாண்டித் துப்பாக்கியோடு ஏறினார். விமானம் விழுந்து அதில் இருந்த 43 பேரும் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் ஊழியர்களையும் சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். "நம்ம ஆள்தானே" என்று விட்டதன் விலை அது.

மன்னை மைனர்:
சரி, அப்படியென்றால் 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதிய துணை பைலட்டை எந்த ஸ்கேனர் பிடித்தது? 150 பேர். அவர் பையில் ஒன்றுமே இல்லை. மூத்த பைலட் வெளியே போன நேரம் கதவைப் பூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். 2001க்குப் பிறகு கடத்தல்காரன் நுழையக்கூடாது என்று பலமாக்கிய கதவு, சொந்த கேப்டனையே உள்ளே விடவில்லை. மனசை ஸ்கேன் பண்ண மெஷின் வந்தால் சொல்லுங்கள்.

வலங்கைமான் வாசு:
ஒரு பூட்டை உடைத்துவிட்டான் என்பதற்காக ஊரில் யாரும் வீட்டைப் பூட்டவே கூடாதா?

திருவையாற்றான்:
இரண்டு பேரும் உலகத்தையே சுற்றி வந்துவிட்டீர்கள், என் கேள்வி அங்கேயே நிற்கிறது. அசோகா வழியுமா வழியாதா? வாசுவால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் கலிபோர்னியாவுக்கு ஓடுகிறார். இன்னொன்றும் கேட்கிறேன். பவர் பேங்கைப் பெட்டியில் போடாதே, கையில் வைத்துக்கொள் என்கிறார்கள். அசோகாவைக் கையில் வைக்காதே, பெட்டியில் போடு என்கிறார்கள். தீப்பிடிக்கிற சாமான் மடியில், தின்கிற சாமான் கிடங்கில். இதை உட்கார்ந்து எழுதியவர் வீட்டில் யாருமே பலகாரம் செய்ய மாட்டார்களா?

வலங்கைமான் வாசு:
லித்தியம் பேட்டரி மடியில் புகைந்தால் பணிப்பெண் ஓடிவந்து அணைப்பார். சரக்குக் கிடங்கில் புகைந்தால் ஓடிப்போய் அணைக்க அங்கே ஆள் இல்லை. அதனால்தான். அசோகா புகையாது, பெட்டியில் போகலாம். இதில் என்ன குழப்பம்?

வெண்ணாற்றங்கரை வாத்தியார்:
ஓய்வுபெற்றவன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து 30 பேர் வரை செத்தார்கள், மறுநாள் பேப்பரை நடுங்கிக்கொண்டு படித்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்தத் தலைமுறைக்குச் சோதனை பெரிய பாரமாகத் தெரியாது.

திருவையாற்றான்:
வாத்தியாருக்கு வணக்கம். வெடித்தது குண்டு, அசோகா இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் 2024 அக்டோபரில் சபரிமலை இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை விலக்கு கொடுத்தார்களே, அது எப்படி? கொடுத்தது சரிதான், நானும் மாலை போட்டவன். ஆனால் கேட்டால் வளைகிற சட்டம் என்றுதானே அர்த்தம்? எடின்பரோவில் 2025 ஜூலையிலேயே 100 மில்லியைத் தூக்கிவிட்டு இரண்டு லிட்டர் வரை விட்டார்கள். அங்கே அசோகா போகும், அசோகா பிறந்த மண்ணில் போகாது.

வலங்கைமான் வாசு:
அங்கே பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கும் புது ஸ்கேனர் வைத்த பிறகு விட்டார்கள். முதலில் அதைச் சொல்லுங்கள். தேங்காய்க்கும் ஸ்கேனர், வெடிமருந்துச் சோதனை எல்லாம் முடித்துத்தான் விட்டார்கள். கொப்பரை வேறு விஷயம், எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடாகிப் பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கு என்று ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டாதீர்கள்.

காவிரிக்கரை மருமகள்:
மாமா, ஒரு வழி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் அசோகாவைப் பெரிய பெட்டியில்தான் போட்டு எடுத்துப் போகிறேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. நீங்களும் அப்படியே செய்யலாமே?

திருவையாற்றான்:
அம்மா, அந்தப் பெட்டியை எப்படித் தூக்கி எறிகிறார்கள் என்று தெரியாதா? மூடி திறந்து மகளுக்கு எடுத்த பட்டுச்சேலை மேலெல்லாம் வழிந்தால் யார் பதில் சொல்வது?

குடந்தை கிட்டு:
வழிந்தால்! எழுதிவிட்டார்! எல்லோரும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடப் போகிறார்.

வலங்கைமான் வாசு:
இதற்குத்தான் நேற்றிலிருந்து காத்திருந்தேன்.

திருவையாற்றான்:
எதையும் அழிக்க மாட்டேன். நான் சொன்னது நெய்யை. நெய் வழியும், அசோகா வழியாது. இரண்டும் வேறு வேறு. படிக்கத் தெரிந்தவர்களோடு பேச வேண்டும் என்பது இதற்குத்தான். நான் கிளம்புகிறேன்.

மன்னை மைனர்:
கோடாலிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

திருவையாற்றான்:
ஒன்று விட்டுப்போச்சு. கிட்டு, மேட்டூர் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. ஜூன் 12ல் திறந்துவிட்டால் போதுமா, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று நாகப்பட்டினம் பக்கம் போய்க் கேட்டுப் பாரும். அங்கேயும் வழியவில்லை.